மலைநாட்டு ஈரத்தில் காட்போட் குழாய்: புதிதாகத் தொடங்குவோருக்கு

துணிக்கடையில் ஒரு ரோல் துணி தீர்ந்ததும் உள்ளே இருந்த காட்போட் குழாய் கடைக்குப் பின்னால் போய்விடும். பெனர் அடிக்கும் கடைகளிலும், தரைக்கு விரிக்கும் லினோலியம் விற்கும் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்த டவுனில் கேட்டாலும் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். எடுத்துப் போனால் இடம் மிச்சம் என்று சந்தோஷப்படுகிற கடைக்காரர்களும் உண்டு.

அந்தக் குழாய்களை வைத்து வீட்டுக்குள் ஒரு தடுப்பு போடலாம், ஸ்டூல் செய்யலாம், நாற்று வளர்க்கலாம், கொங்கிரீட் வார்க்கலாம். எதைச் செய்வதானாலும் ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் குழாய் பாரத்தைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு சின்ன எச்சரிக்கை. மதியம் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கி, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத நம்ம பக்கத்தில் வேலையின் பாதி இதுதான்.

பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சின்னப் பரீட்சை போதும். ஒரு அடி நீளத் துண்டை நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டைப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி நில்லுங்கள். நல்ல தடிப்பான குழாய் அசையாது. அதே துண்டைப் படுக்கப் போட்டு மிதித்தால் சப்பளிந்துவிடும். கடதாசிப் பட்டிகளைப் பசை தடவிச் சரிவாகச் சுற்றி, அடுக்கு மேல் அடுக்காக ஒட்டித்தான் இதைச் செய்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது பாரம் சுற்றுச்சுவர் முழுவதும் பரவி இறங்குகிறது. படுத்திருக்கும்போது நடுவில் ஒரே இடத்தில் விழுகிறது. ஆகவே பாரம் வருகிற இடத்தில் குழாயை நிமிர்த்தி வையுங்கள். துணி தொங்கவிடுவது மாதிரி இலேசான வேலைக்கு மட்டும் படுக்கையாகப் போடுங்கள்.

இது வெறும் கைவேலை என்று யாராவது சொன்னால் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். 1995இல் கோபே நகரைப் பூமியதிர்ச்சி உடைத்தபோது, வீடிழந்தவர்களுக்குக் கடதாசிக் குழாய்களைச் சுவராக நிறுத்தி வீடு கட்டிக் கொடுத்தவர் அவர். அங்கேயே அவர் குழாய்களால் கட்டிய தேவாலயம் பத்து வருடம் நின்று, பிறகு கழற்றித் தாய்வானுக்குக் கொண்டுபோகப்பட்டது. 2011 பூமியதிர்ச்சியில் பேராலயம் இடிந்த நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், 2013இல் அவருடைய காட்போட் தேவாலயம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 700 பேர் உட்காரலாம். கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் 2014இல் அவருக்குக் கிடைத்தது.

நமக்கு அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர் ஈரத்தைக் கையாண்ட விதம். கோபேயில் குழாய்களை மண்ணில் ஊன்றவில்லை. பியர் போத்தல் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் மணல் மூட்டைகளை வைத்து, அதன்மேல் தளம் போட்டு, அதன்மேல்தான் குழாய்ச் சுவரை எழுப்பினார். கிரைஸ்ட்சர்ச்சில் கூரை பொலிகாபனேட் தகடு. குழாய்கள் அதற்குக் கீழே. இரண்டு இடத்திலும் கீழிருந்தும் மேலிருந்தும் தண்ணீர் குழாயைத் தொடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டில் கிரிந்தையில் அவர் வீடுகள் வடிவமைத்தபோது கடதாசிக் குழாயை எடுக்கவில்லை. அமுக்கிய மண் கற்களையும் இறப்பர் மரத்தையும் எடுத்தார். கையருகே கிடைப்பதை அதற்குப் பொருத்தமான இடத்தில் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே வெளியே கூடாரம், ஆட்டுக்கொட்டில், கூரைத் தாங்கி என்று ஆசைப்படாதீர்கள். அவருடைய குழாய்கள் அதற்கென்றே செய்து, பரிசோதித்து, ஈரம் புகாமல் பக்குவப்படுத்தியவை. நாம் எடுப்பது கடைக் கழிவு. வீட்டுக்குள் வைக்கிற சாமான்களுக்கு அது தாராளமாகப் போதும்.

குழாயைத் தேர்ந்தெடுப்பது

பெனர் ரோலின் குழாய்தான் ராஜா. பத்தடி அகலப் பெனர் சுற்றி வருகிற குழாய் பத்தடிக்குச் சற்று மேலேயே இருக்கும், விட்டம் மூன்று அங்குலத்துக்குக் குறையாது, சுவரும் தடிப்பு. துணி ரோலின் குழாய் ஐந்தடி அளவில், ஒன்றரை இரண்டு அங்குல விட்டத்தில் மெல்லியதாக இருக்கும். இரண்டுமே நமக்கு வேண்டும்.

எடுக்கும்போது முனையைப் பாருங்கள். சுவர் நாலு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் தூணுக்கு வேண்டாம். முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நார் நாராகப் பிரிந்தால் தண்ணீர் பட்ட குழாய், விட்டுவிடுங்கள். விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள். காய்ந்தது டக் டக் என்று கேட்கும். ஈரம் ஏறியது மொத்தென்று கேட்கும். கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் பூஞ்சணம், அதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பஸ்ஸில் கொண்டுவர முடியாத நீளமென்றால் கடையிலேயே ஆறடி, நாலடி என்று அறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு ஏன் என்று பின்னால் வரும்.

காயவைத்தல், அறுத்தல், பூசுதல்

அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்கிறவர்கள்தான் அதிகம். ஈரக் குழாய்க்கு வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரியும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் நிமிர்த்திக் காயவையுங்கள். மிஸ்ட் வருவதற்கு முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். அதற்கும் காலம் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்தப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்குத் தோது. ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று அடிக்கும், அப்போது செய்யுங்கள்.

அறுப்பதற்குக் கத்தி வேண்டாம். அழுத்தினால் குழாய் நசுங்கும். இரும்பு அறுக்கும் சின்ன வாள், அல்லது பல் நெருக்கமான கைவாள் எடுங்கள். இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினால் நடுவில் ஒரு பள்ளம் வரும். அறுக்க வேண்டிய குழாயை அதில் படுக்கவைத்தால் உருளாது. நேர்க்கோடு போட, அப்பியாசக் கொப்பியின் ஒரு இரட்டைத் தாளைக் குழாயைச் சுற்றி, தாளின் ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி பிடித்து, அந்த ஓரத்தில் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். வாளை ஒரே பக்கம் இறக்காமல், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றுச்சுவரை மட்டும் அறுத்துக்கொண்டே வாருங்கள். வெட்டு நேராக வரும். நேராக வெட்டாத தூண் நேராக நிற்காது, இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

அப்புறம் முனைகள். குழாய் அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சுவது வெட்டுவாய் வழியாகத்தான். தச்சு வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பழைய பிரஷால் வெட்டுவாயில் நன்றாக ஊற விடுங்கள். காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்து இன்னொரு தடவை. பிறகு குழாய் முழுவதும் இரண்டு கோட் வார்னிஷ். முதல் கோட் முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது. தூணின் அடிப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு உள்பக்கமும் அடிக்க வேண்டும். ஒரு தடியில் துணியைச் சுற்றி வார்னிஷில் தோய்த்து உள்ளே விட்டுச் சுழற்றினால் போதும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரியாத நேரத்தில் அடியுங்கள்.

லயக் காம்பராவுக்கு ஒரு தடுப்பு

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும்போது, ஓஎல் எழுதப்போகிற பிள்ளைக்கு ஒரு மூலை வேண்டும். உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு வேண்டும். பலகையில் தடுத்தால் செலவு. அதோடு சுவரில் ஆணி அடிப்பதில் தோட்டத்தோடு பிரச்சினையும் வரலாம். இந்தத் தடுப்பு சுவரைத் தொடாமல் தன்பாட்டில் நிற்கும், வேண்டாதபோது கழற்றிக் கட்டிலுக்கடியில் வைக்கலாம்.

தேவையானவை: ஆறடி நீளத்தில் நாலு பெனர் குழாய், ஐந்தடித் துணிக் குழாய் நாலு, பழைய பெயின்ட் வாளி நாலு, காய்ந்த மணல், மூங்கில் குச்சி, ஊசிப்பின், இரண்டு பழைய சேலை. அமைப்பு சுலபம். தூணில் ஓட்டை போட்டு, மெல்லிய குழாயை அதற்குள் நுழைத்து, சதுரச் சட்டம் ஒன்றை உண்டாக்குகிறோம். ஷிகெரு பான் அகதி முகாம்களுக்காகச் செய்த துணித் தடுப்புகளிலும் தூணுக்குள் குறுக்குக் குழாய் நுழைகிற முறைதான்.

முதலில் ஓட்டை. தூணின் மேல் முனையிலிருந்து நாலு அங்குலம் கீழே ஒரு புள்ளி வையுங்கள். துணிக் குழாயின் முனையை அந்த இடத்தில் பிடித்துச் சுற்றிக் கோடு கீறுங்கள். நேர் எதிர்ப்பக்கத்திலும் அதே உயரத்தில் கீற வேண்டும். எதிர்ப்பக்கம் சரியாக எங்கே என்று தெரிய, ஒரு நூலால் குழாயின் சுற்றளவை எடுத்து, நூலை இரண்டாக மடித்து, முதல் புள்ளியிலிருந்து அளந்து வையுங்கள். கோட்டின்மேல் சின்ன ட்ரில்லால் நெருக்கமாக ஓட்டைகள் போட்டு, நடுத் துண்டைத் தட்டி எடுத்து, கத்தி நுனியால் ஓரத்தைச் சீவினால் வட்டம் வரும். குறுக்குக் குழாய் இறுக்கமாகவே நுழைய வேண்டும். ஓட்டை தூணின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தூண் அங்கே மடியும். மூன்று அங்குலத் தூணுக்கு இரண்டு அங்குலக் குறுக்குக் குழாய் என்பதுதான் எல்லை, ஒன்றரை கிடைத்தால் இன்னும் நல்லது.

சதுரம் என்பதால் ஒவ்வொரு தூணிலும் இரண்டு திசையில் குழாய் போகும். இரண்டும் ஒரே உயரத்தில் போக முடியாதல்லவா? ஆகவே இரண்டாவது ஓட்டைச் சோடியைக் கால்வாசி சுற்றுத் திருப்பி, மேல் முனையிலிருந்து ஏழு அங்குலத்தில் போடுங்கள். நாலு தூணிலும் அளவு ஒன்றாக இருக்கட்டும். வெட்டிய ஓட்டைகளின் ஓரத்துக்கும் பசை, வார்னிஷ் பூச மறக்க வேண்டாம்.

அடுத்தது அடி. பீவீசி குழாய்க்குப் போடும் மூடியை ஹாட்வெயார் கடையில் குழாயைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மூன்று அங்குலக் குழாய் என்றாலும் வெளிவிட்டம் குழாய்க்குக் குழாய் மாறும். மூடி பொருந்தாவிட்டால் தடிப்பான பொலித்தீனை ஒரு அடி உயரத்துக்குச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வாளியின் நடுவில் தூணை நிறுத்தி மணலைக் கொட்டிக் குச்சியால் குத்தி இறுக்க வேண்டும். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஆற்றிலிருந்து எடுத்து அப்படியே போட்டால் பொலித்தீன் சுற்றியும் பயனில்லை.

இனி இரண்டு பேராக நின்று பூட்டுங்கள். இரண்டு தூணைக் கோர்த்து ஒரு சட்டம், மற்ற இரண்டைக் கோர்த்து இன்னொரு சட்டம். அப்புறம் இரண்டையும் மற்ற இரண்டு குழாய்களால் இணையுங்கள். ஒவ்வொரு முனையும் தூணைத் தாண்டி மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதில் ஒரு நன்மை உண்டு: சட்டத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளினாலும் அந்த நீட்டம் தூணைச் சுவரில் ஒட்ட விடாது. மழைக்காலத்தில் லயச் சுவர் வியர்ப்பது உங்களுக்குத் தெரியும். தூணுக்கு வெளியே குறுக்குக் குழாயில் சின்ன ஓட்டை போட்டு மூங்கில் குச்சியைச் செருகினால் குழாய் நழுவாது. உள்ளே நாலடிக்கு நாலடி இடம் கிடைக்கும். ஒரு சின்ன மேசையும் ஸ்டூலும் வைக்கலாம்.

சேலை ஐந்தரை மீற்றர், அதாவது பதினெட்டடி. மூன்றாக வெட்டினால் ஆறடி வீதம் மூன்று திரை. அகலம் கிட்டத்தட்ட நாலடிதான், ஒரு பக்கத்துக்குச் சரியாக வரும். குறுக்குக் குழாய்மேல் மடித்து ஊசிப்பின் குத்துங்கள். நூல் சேலை நல்லது, நைலெக்ஸ் வழுக்கும். விறகடுப்பு உள்ள காம்பராவில் இந்தத் தடுப்பை அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். குழாயும் எரியும், வார்னிஷும் எரியும், துணி சொல்லவே வேண்டாம். விளக்கு, மெழுகுதிரி உள்ளே வேண்டாம். படிக்க பற்றரி லாம்பு போதும்.

மிச்சத் துண்டில் ஒரு ஸ்டூல்

பத்தடிக் குழாயில் ஆறடித் தூண் போனால் நாலடி மிச்சம். பதினைந்தரை அங்குலமாக அறுத்தால் நாலடியில் மூன்று துண்டு. நாலு மிச்சத்தில் பன்னிரண்டு. இன்னொரு முழுக் குழாயிலிருந்து ஏழு துண்டு. மொத்தம் பத்தொன்பது. நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று நிறுத்தினால் ஒன்றோடொன்று நெருங்கித் தேனடை மாதிரிப் பூட்டிக்கொள்ளும். பதினைந்து முதல் பதினேழு அங்குல அகலத்தில் ஒரு இருக்கை.

முதலில் நடு ஏழை ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். வெளிப் பன்னிரண்டை மறுநாள் ஒட்டுங்கள். ஒரேயடியாக ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். காய்ந்ததும் தரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் நீண்டிருக்கிற துண்டின் அடியைச் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். மேலே பிளைவூட் வட்டம், கீழேயும் ஒன்று, கீழ் வட்டத்துக்கு அடியில் பழைய இறப்பர் செருப்பை வெட்டி நாலு துண்டு. அந்தச் செருப்புத் துண்டுதான் ஸ்டூலின் ஆயுள், அது சீமெந்துத் தரையிலிருந்து அரை அங்குலமாவது தூக்கிப் பிடிக்கும்.

நாற்றும் கொங்கிரீட்டும்

டொய்லட் ரோலின் மெல்லிய குழாய் போஞ்சி நாற்றுக்கு அருமை. போஞ்சி வேரைக் குலைத்தால் முகம் வாடும் செடி; குழாயோடு நட்டால் வேருக்குத் தெரியவே தெரியாது. ஒரு முனையில் நாலு வெட்டு வெட்டி உள்ளே மடித்தால் அடி வந்துவிடும். மண்ணும் கொம்போஸ்ட்டும் நிரப்பி விதையைப் போடுங்கள். நடும்போது குழாயின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் அதுவே வேரடி ஈரத்தைக் காற்றுக்கு இழுத்துவிடும். தேயிலைக் கன்றுக்கு இது சரிவராது. அது நேசரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியது, கடதாசி அதற்குள் கரைந்துவிடும். தடிப்பான பெனர் குழாயையும் நாற்றுக்கு எடுக்காதீர்கள், மண்ணில் லேசில் மக்காது.

தோட்டத்தில் உட்காரும் பெஞ்சுக்கு உருண்டைக் கால் வார்க்கவும் குழாய் உதவும். கட்டட வேலையில் வட்டத் தூணுக்குக் காட்போட் அச்சு வைப்பது பல நாடுகளில் வழக்கமான விஷயம். நாம் இரண்டடிக்கு மேல் போக வேண்டாம். உள்ளே பொலித்தீன் சுற்றி, வெளியே ஆறு அங்குலத்துக்கு ஒரு கட்டுக் கம்பி இறுக்கி, நடுவில் ஒரு கம்பி நிறுத்தி, கொங்கிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குத்துங்கள். மழைபடாமல் மூடி வைத்து, இரண்டு மூன்று நாளில் குழாயைக் கீறி உரித்துவிடலாம். வீட்டுத் தூண் வார்க்க இதை நம்ப வேண்டாம், அது பாஸ் பார்த்துச் செய்கிற வேலை.

முகாமுக்கு முன்கூட்டியே

2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருமழைக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடும்போதெல்லாம், நம்ம சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகிறது. சாப்பாடு எப்படியோ வந்துவிடும். மறைப்பு வராது. பால் கொடுக்கிற தாய், வயசுப் பிள்ளைகள், மாதவிடாய்க்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் நூறு கண்ணுக்கு முன்னால் படுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துத் தடுப்பாவது தயாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேலே சொன்ன அதே சட்டம்தான். முகாமுக்கு என்றால் சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இணைக்கலாம். நடுத் தூண் இரண்டு சதுரத்துக்கும் பொது. அடுத்த சதுரத்தின் குழாயையும் அதே ஓட்டையில் செருக முடியாது, ஆகவே முதல் குழாயின் நீட்டத்துக்குள் நுழைகிற மெல்லிய தடி ஒன்றைப் பாதி விட்டு, அடுத்த குழாயை அந்தத் தடியில் ஏற்றி டேப் சுற்றுங்கள். படுக்க வேண்டும் என்பதால் நாலடி போதாது. குறுக்குக் குழாய்களையும் இதே மாதிரித் தடி வைத்து நீட்டி ஏழடிக்குக் கொண்டுவாருங்கள். துணி மட்டும் தொங்குவதால் தாங்கும். துணி காயப்போட்டு இழுத்தால் தாங்காது, அதை முகாமில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வெட்டி, ஓட்டை போட்டு, பூசி, தூணுக்குச் சிவப்பு, குறுக்குக்கு நீலம் என்று முனையில் பெயின்ட் அடையாளம் வைத்து, பொலித்தீனில் சுற்றி, பாடசாலை அலுமாரிக்கு மேலே வையுங்கள். தரையில் வேண்டாம். சுவரில் சாய்த்தும் வேண்டாம், மாதக்கணக்கில் சாய்ந்து நின்றால் வளைந்துவிடும். ஊசிப்பின் பெட்டியையும் பழைய சேலைகளையும் கூடவே கட்டி வைக்க வேண்டும். அவசரத்தில் காணாமல் போவது இந்தச் சின்னச் சாமான்தான். வருடத்துக்கு ஒரு தடவை மாணவர்களை வைத்துப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் சுலபமாகச் செய்துவிடுவார்கள்.

பராமரிப்பு

மாதத்துக்கு ஒரு தடவை தூணின் அடியைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் மணலை மாற்றி, தூணை வெயிலில் போட்டு, வார்னிஷ் உரிந்த இடத்தைத் தேய்த்துத் திரும்ப அடியுங்கள். அடி இற்றுப்போயிருந்தால் அந்த ஆறு அங்குலத்தை அறுத்து எறிந்துவிட்டு மற்ற மூன்று தூணையும் அதே அளவுக்குக் குறையுங்கள், ஐந்தரை அடியிலும் தடுப்பு தடுப்புத்தான். கறையான் புற்று அருகில் உள்ள வீடென்றால் வாளியைச் சுற்றி அடிக்கடி கூட்டி, மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். தேய்ந்து முடிந்த குழாயில் வார்னிஷ் பூசாதது கொம்போஸ்ட் குழிக்குத் துண்டு துண்டாகப் போகட்டும். பூசியதைக் குழியிலும் போடாதீர்கள், சமையல் அடுப்பிலும் வைக்காதீர்கள், அந்தப் புகை சின்னக் காம்பராவில் இருப்பவர்களுக்கு ஆகாது. பிரதேச சபைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.